சன்னல் வைத்த பெட்டி

பீடோரில் உயிரோடிருப்பவர்களுக்கு
என் பட்டறை தெரியாது என்று
லியோங் கேலி செய்வான்.
ஐந்தேமுக்கால், ஆறு, ஆறேகால் அடி:
முப்பத்தோரு வருசமாய்
நான் அடித்ததெல்லாம் ஒரே சாமான்.

கனகசுந்தரிக்கு மூன்று லாரி,
செம்பனைக் குலை ஏற்ற.
ஒன்று எப்போதும் படுக்கையில்.
தோட்டத்து ஸ்டோர் ஏலத்தில் எடுத்த
பழைய துரை வண்டியை
என் வாசலில் இறக்கினாள்.
இரும்பு இருந்தது.
நாலு சக்கரத்துக்கும் இழுவை இருந்தது.
மரம் இருந்த இடத்தில்
கரையான் கட்டிய மண்,
கதவின் வடிவம் கலையாமல்.

"இதுக்கு ஒரு உடம்பு வேணும்."
"நான் உடம்பு செய்யிறவன் இல்லம்மா,
உடம்ப வைக்கிறதுக்குச் செய்யிறவன்."
"ரெண்டும் ஒன்னுதான். அளவெடுங்க."

எடுத்தேன். எங்கேயும் நேர்கோடில்லை.
படுத்திருப்பவர் யாரும்
என்னிடம் வளைவு கேட்டதில்லை.
ஆவியில் பிடித்த மெராந்தி
இரண்டு முறை வெடித்தது.
மூன்றாவது,
மனசில்லாமல் வளைந்து கொடுத்தது.

சன்னல் ஆறு.
கண்ணாடிக்குக் காடி வெட்டுகையில்
உளி நின்று நின்று போனது.
உள்ளிருந்து வெளியே பார்ப்பார்கள் என்பது
கைக்குப் புதிது.
உள்பக்கம் வார்னிஷ் இரண்டு பூச்சு.
இதுவரை ஒரு பூச்சுதான்;
யாரும் குறை சொன்னதில்லை.

வியாழக்கிழமை புஸ்பாகோம் சோதனை.
புதன் மாலை
பதினேழாம் கட்டைச் செம்மண் சடக்கில்
சவ வேன் அச்சுவரை புதைந்தது.
உள்ளே ஞானப்பூ,
என் ஐந்தேமுக்காலில்.
உருமிக்காரர்கள் உருமியை
வாழையிலையால் மூடிவிட்டுத் தள்ளினார்கள்.
சக்கரம் சுற்றிற்று, வேன் நகரவில்லை.

கனகசுந்தரி போன் பேசாமல் சாவியை எடுத்தாள்.
ரோட் டேக்ஸ் இல்லை, நம்பர் பலகை இல்லை.
குட்டைக் கம்பியை முன்னுக்குத் தள்ள,
முன் சக்கரங்கள் விழித்துக்கொண்டன.
என் வார்னிஷ் மேல்
காப்பி நிறத்தில் சேறு.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

பின்கதவைத் திறந்து பெட்டியைத் தள்ளினோம்.
இரு பக்கமும் ஒரு விரல் இடைவெளி.
யாரும் அளந்து சொல்லவில்லை,
நானும் அளக்கவில்லை.
கை தன் போக்கில் வைத்த கணக்கு.
எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

உருமிக்காரர் மகனுக்கு வேறு இடமில்லை,
பெட்டியோரம் உட்கார்ந்தான்.
சுடுகாடு வரைக்கும் வண்டி
ஏறியது, சரிந்தது, ஏறியது.
மழை ஆவி படிந்த கடைசி சன்னலில்
அவன் விரலால் ஒரு மீன் வரைந்தான்.
அப்புறம் அதற்குப் பல்.

மறுநாள் சோதனை அதிகாரி ரிட்சுவான்
வண்டியை இரண்டு சுற்று சுற்றினார்.
பாரத்தில் மரத்துக்குக் கட்டமில்லை.
பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டு
பின்கதவை விரல் முட்டியால் தட்டினார்,
வீட்டுக்கு வந்தவர் மாதிரி, இரண்டு தட்டு.

நான் செய்ததை யாரும்
வெளியிலிருந்து தட்டிப் பார்த்ததில்லை.

இடது சிக்னல் எரியவில்லை.
அடுத்த வாரம் வரச் சொன்னார்.