ஆளுக்குப் பதினொரு கிலோ

ஆளுக்குப் பதினொரு கிலோ, அதற்கு மேல் ஒரு குண்டூசி கூடாது
என்றுவிட்டார் எபனேசர் சார்.
போன வருஷம் யாரும் கணக்குப் பார்க்கவில்லை.
ஜவ்வாது மலையில் ஜீப் நின்றுபோன இடத்திலிருந்து
கொட்டாங்கொல்லைக்கு ஏழு கிலோமீட்டர்.
எங்கள் பெட்டிகளைத் தலையில் ஏற்றி நடந்தவர்கள்
எங்களிடம் மாத்திரைக்கு வரிசையில் நிற்க வேண்டியவர்கள்.
ஒருவர் காலில் செருப்பில்லை.
நான் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு போனேன்.

அதனால் இந்தக் கோடைக்கு
கொசப்பேட்டைப் பழைய பேப்பர் கடையில்
தொங்கு தராசு ஒன்றை இரவல் வாங்கி
சமையலறை நிலைப்படியில் மாட்டியிருக்கிறேன்.
அக்னி நட்சத்திரம். மணி பத்தரை.
சுவர் இன்னும் சுடுகிறது.
மின்விசிறி அனலைக் கிண்டிவிட்டுக்கொண்டிருக்கிறது.

பாம்புக்கடி மருந்துக்குக் குளிர் வேண்டும்.
அதற்கு இடம் விட்டு வெளியே வந்த இட்லி மாவு
மேடையில் பொங்கி வழிகிறது.
கணவர் மாவைப் பார்த்தார், தராசைப் பார்த்தார்,
ஒரு கரண்டி எடுத்துக் கலக்கிவிட்டுப் படுக்கப் போனார்.

சொறிக் களிம்பு நூற்றிருபது.
உப்புச் சர்க்கரைப் பொட்டலம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு.
பிள்ளைகளின் கைச்சுற்றளவு பார்க்கும் நாடா,
எடையே இல்லாதது,
அது சிவப்பில் நிற்கும்போதுதான் கனக்கும்.
உண்ணி பிடுங்கும் இடுக்கி. கற்பூரம்.
மெர்சி லதா எழுதித் தந்த பட்டியலில்
டார்ச் இரண்டு முறை வருகிறது.
அவளுக்குக் கரடி பயம்.

சபையிலிருந்து வந்த கைப்பிரதிக் கட்டு மட்டும்
மூன்று கிலோ இருநூறு.
வழவழப்பான தாள், நல்ல வண்ணம்.
கொட்டாங்கொல்லையில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள்
ஐந்து பேரோ ஆறு பேரோ.
பாதியை எடுத்து அலமாரியில் வைத்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து மீதியில் பாதியையும்.
ஆண்டவருக்கு வயிற்றுப்போக்கின் கணக்கு தெரியும்.
ஆயருக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

சாலம்மா மருந்து எதுவும் கேட்கவில்லை.
"அல்லாரும் போட்டோ புடிச்சிக்கினு போறீங்கோ,
ஒர்த்தரும் எடுத்தாந்து குடுத்ததில்ல" என்றாள்.
சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இன்று சாயங்காலம் தோட்டப்பாளையம் ஸ்டுடியோவில்
போனை நீட்டினேன்.
இடுப்பில் குழந்தை, அதன் கையில் எங்கள் நாடா,
கேமராவை நம்பாத அவள் கண்.
வலது ஓரத்தில் பாதி ஆள்.
ஒரு தோள், ஒரு துண்டு,
யாரோ கூப்பிட்டதுபோல் திரும்புகிற தலை.

"ஓரத்துல யாரோ வராரு மேடம், கட் பண்ணிடவா?"

வேண்டாம் என்றது
கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.
அந்த வாரமே மரம் வெட்ட
ஆந்திரா பக்கம் வண்டி ஏறினவர்.
தையிலிருந்து போன் இல்லை என்று
ஜீப் ஓட்டும் கஜபதி சொல்லித்தான் தெரியும்.
ஏஜென்ட்டும் எடுப்பதில்லையாம்.

"அந்தப் பாதியை மட்டும் தனியா,
பெரிசா இன்னொண்ணு போடுங்க."
"புள்ளி புள்ளியா ஒடையும் மேடம், மூஞ்சியே நிக்காது."
நின்றது. காது ஒன்று, தாடியின் ஒரு பக்கம்,
கண் இருக்க வேண்டிய இடத்தில் நிழல்.
பையன் பணம் வாங்கும்போது
யாரென்று கேட்கவில்லை.

இரண்டையும் அட்டைக்கு நடுவே வைத்து
பேண்டேஜ் சுருள்களுக்கு இடையில் செருகினேன்.
மேலே வைத்தால் மடங்கும்,
அடியில் வைத்தால் வேர்வை ஏறும்.
முதலில் எதைக் கொடுப்பது, முழுசையா, பாதியையா?
ஒருவேளை அவர் திரும்பி வந்து
சாமை வயலில் நின்றுகொண்டிருந்தால்
பெரிய படத்தைப் பார்த்து எல்லாரும் சிரிப்பார்கள்.
நானும் சிரிப்பேன்.

பதினொன்று நூற்றைம்பது.
தலையணையை எடுத்தேன். இன்னும் முள் இறங்கவில்லை.
இரண்டாவது புடவையை எடுத்தேன்.

நாலு மணிக்குக் கஜபதி ஹாரன் அடிப்பார்.
மேடையில் மாவு
மூடியை மெல்லத் தூக்குகிறது.