முதல் இரண்டு வாரம்

மொக்கொட்லோங் மலையில் ஆகஸ்ட் இருபது.
குழாய்க்குள் தண்ணீர் கல்லாகிவிட்டது.
பேறுகாலம் நெருங்கிய பெண்கள் தங்கும் அறையில்
பத்துக் கட்டில், ஒரே ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டர்.
நான் மொலெஃபி, நர்சிங் இரண்டாம் ஆண்டு,
வகுப்பில் ஆண் நான் ஒருவன்தான்.
என்னைக் கண்டதும்
எல்லாரும் கம்பளியை இழுத்து மூடிக்கொள்கிறார்கள்.

மூன்றாம் கட்டில் மாலினியோ.
லினியோவின் அம்மா என்று பொருள்.
லினியோ இன்னும் பிறக்கவில்லை.
எங்கள் வழக்கம் அது:
கல்யாணத்தன்றே மாமியார் வீட்டில்
மருமகளுக்குத் தாய்ப்பெயர் வைத்துவிடுவார்கள்.
முட்டையும் அணுவும் சந்திக்கும் முன்பே
பெயர் வந்து காத்திருக்கிறது.
எங்கள் பாடப்புத்தகத்தில் இந்தக் கட்டம் இல்லை.

கடைசியாகத் தூரமான முதல் நாள் எது?
கேட்கும்போது என் காது சுடுகிறது.
அவள் பட்டென்று சொல்கிறாள், டிசம்பர் பதினொன்று.
அட்டைச் சக்கரத்தைத் திருப்புகிறேன்.
மூன்று மாதம் பின்னால், ஏழு நாள் முன்னால்:
செப்டம்பர் பதினெட்டு.
இன்றைக்கு முப்பத்தாறு வாரம் நிறைவு.

விரல் மடக்கி எண்ணிப் பார்த்தாள்.
தப்பு, என்றாள்.
என் வீட்டுக்காரர் பஸ்ஸை விட்டு இறங்கியதே இருபத்திரண்டாம் தேதி.
பதினொன்றாம் தேதி அவர்
கார்லெட்டன்வில் சுரங்கத்தில், பூமிக்கு அடியில்.
அவர் இல்லாமலே எனக்கு இரண்டு வாரமா?

அறையே சிரித்தது.
சிரிப்பில் ஒருத்திக்கு இருமல் வந்துவிட்டது.

கணக்கு அப்படித்தான், அக்கா.
யாருமே வராத இரண்டு வாரத்தையும் சேர்த்துத்தான் நாற்பது.
அந்த நாளில் கருப்பை
பழைய மெத்தையை உதறிவிட்டுப் புதிது விரிக்கிறது.
பிறகுதான் சினைமுட்டை வெளியே வரும்,
ஒரே ஒரு பகல், ஒரே ஒரு இரவு, அவ்வளவுதான் அதன் ஆயுள்.
உங்களுக்கு அது கிறிஸ்துமஸை ஒட்டி இருக்கலாம்.

யார் வீட்டில் கறி வெந்தது என்று
அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்,
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் சக்கரத்தைப் பார்த்தே பேசினேன்.
கருக்குழாயில் அது ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி
உருண்டு வந்த வாரம், ஊரே குடித்துக்கொண்டிருந்தது.
புத்தாண்டு வாக்கில் கருப்பைச் சுவரில் புதைந்தது.
ஐந்தாம் தேதி அவர் பஸ் ஏறினார்.
நீங்கள் கையசைத்தபோது
மூன்று பேர் இருந்தீர்கள், இருவருக்குமே தெரியாது.
எட்டாம் தேதிதான் நாள் தள்ளிப்போனது.
பதினாறு பதினேழு வாக்கில், எள்ளளவு உடம்பில்
இதயம் முதல் முறை துடித்தது.

அன்றைக்கு முழுக்க வாந்தி எடுத்தேன், என்றாள் மாலினியோ.
அது மசக்கைக்குக் கொஞ்சம் சீக்கிரம்.
நான் திருத்தவில்லை.

மரக்குழலை வயிற்றில் ஊன்றிக் காதை வைத்தேன்.
இடக்கை விரல்கள் அவள் மணிக்கட்டில்:
தாயின் நாடியையே பிள்ளையுடையது என்று
எழுதிவிட்டவர்கள் உண்டு.
முதலில் என் ரத்தம் இரைந்தது.
பிறகு ஹீட்டர்.
பிறகு எங்கோ தூரத்தில், கனத்த துணிக்கு அடியில்,
அவசரமான ஒரு ஓட்டம்.
அவள் நாடி எண்பத்து நான்கு,
இது நூற்று நாற்பத்து இரண்டு.

எனக்கும் கேட்குமா?
இந்தக் குழலில் கேட்காது, அக்கா,
தன் வயிற்றில் தானே காது வைக்க முடியாதே.
கொஞ்சம் யோசித்துவிட்டு
அவள் நாடியிலிருந்து விரலை எடுத்தேன்.
குழலைக் காதிலிருந்து எடுக்காமல்
அவள் உள்ளங்கையில் ஒற்றை விரலால்
கேட்டதைக் கேட்டபடி தட்டினேன்.

இத்தனை வேகமா, என்றாள்.
தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தாள்.
அவர் அடியில் இருக்கும் நேரம், மணி அடித்து ஓய்ந்தது.
பதிவுக்குரல் முடிந்ததும் ஒரு சொல்லும் பேசாமல்
நகத்தால் போனின் வாயில் தட்டினாள்,
என்னைவிடச் சரியாக.

அட்டையில் எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன்.
நாலாம் கட்டிலில் மாட்செலிசோ, இது ஐந்தாவது பேறு,
காலையிலிருந்து என் முகத்தையே பார்க்காதவள்,
கம்பளியைத் தானே விலக்கிக்
கையை நீட்டினாள்.