நடு வரிசை

துலூத்தில் பிப்ரவரி. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
வெண்டல் ஹாப்பலா பூட்ஸை உதறிக்கொண்டே
விலையைக்கூடக் கேட்காமல்
"வி-சிக்ஸ் இருக்கா?" என்றார்.

இருந்தது. மூன்றரை லிட்டர்.
தட்டி எழுப்பினால்
தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்.
மீன்பிடிக் குடிலைக் கட்டி இழுத்துக்கொண்டு
உறைந்த ஏரிமேல் போகும்.

கெர்ட்டுவின் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று,
டயர் அடுக்குக்குப் பின்னால் எங்கோ ஒன்று.
ரப்பர் பேண்டு போட்ட பெட்ரோல் ரசீதுகளை
என் மேசைமேல் வைத்தாள்.
கட்டு, ஸ்டேப்ளரைவிட உயரம்.
வேறெதுவும் பேசவில்லை.

ஹைப்ரிட்டை எடுத்துக்கொண்டு மேட்டுத் தெருவுக்குப் போனோம்.
ஏறும்போது முனகியது.
இறங்கும்போது வாயை மூடிக்கொண்டது.
பிரேக்கில் கால் பட்டதும் முள் பச்சைக்குச் சாய்ந்தது.
வீணாய்ப் போகும் வேகத்தைப் பிடித்து
மின்சாரமாய்ச் சேர்த்துவைக்கிறது என்றேன்.
"இந்தக் குளிரிலுமா?"
பதினாலு வருஷமாக வேன் விற்கிறேன்,
இந்த ஊரில் பொய் சொல்லிப் பிழைக்க முடியாது.
குளிரில் பாட்டரி சோம்பேறி.
ஹீட்டருக்காகவே எஞ்சின் எழுந்து உழைக்கும்.
கணக்கு இனிப்பது ஜூனில்தான்.
"குடிலை இழுக்குமா?"
இழுக்காது.

இன்னொரு குறையும் உண்டு, அதையும் சொல்லிவிட்டேன்:
மற்ற வண்டியில் நடு வரிசை இருக்கையை
பட்டையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால்
மடிந்து தரைக்குள் போய்விடும்.
மேலே கம்பளம். யாரும் உட்கார்ந்த தடமே இராது.
இதில் அந்தக் குழியில் பாட்டரி படுத்திருக்கிறது.
இருக்கைக்கு ஒளிய இடமில்லை.

டயருக்குப் பின்னாலிருந்து சின்னவன் வந்தான்.
"லினேயா சீட்டை அப்பா தரைக்குள்ள போட்டுட்டாரு.
அவ ஃபார்கோவுக்கு, அவ அம்மாகிட்ட போயிட்டா.
அங்க இப்ப என் ஹாக்கிப் பை."
கெர்ட்டு அவன் தொப்பியைச் சரிசெய்தாள்,
சரியாகத்தான் இருந்தது அது.

வெண்டல் பக்கக் கதவை நகர்த்தினார்.
இடது இருக்கையின் அடியில் கைவிட்டு
பட்டையைத் தேடினார்.
"அதான் சொன்னேனே," என்றேன்.
"கேட்டேன்," என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
"குடிலைத் தம்பி டிரக்கில் இழுத்துக்கலாம்."

அடுத்து வந்தவர்களிடமும்
அதைக் குறை என்றுதான் சொன்னேன்.
குறைதான்.

சனிக்கிழமை வண்டியை எடுக்க வந்தார்கள்.
பனியைத் துளைக்கும் கருவியை, பெட்டியோடு,
இடது இருக்கையில் வைத்தார்.
நகர்ந்ததும் மணியடித்தது,
யாரோ பெல்ட் போடவில்லை என்று.
சின்னவன் சிரித்தான்.
பெட்டியைக் கீழே வைத்திருக்கலாம்.
வெண்டல் இறங்கி வந்து கதவைத் திறந்து
பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்து
பெட்டியைச் சுற்றி மாட்டினார்.

சர்வீஸ் கூடத்தின் சூட்டில் இருந்த வண்டி,
எஞ்சின் இன்னும் எழவில்லை.
வாசலைத் தாண்டும்போது
டயருக்கடியில் பனி நொறுங்குவது மட்டும்
என் மேசைவரை கேட்டது.