ஊர் கொடு

வேன் நிரம்ப இன்னும் மூன்று பேர் வேண்டும்.
டிரே தாவா வெயிலில்
டயர் நாற்றத்துக்கு நடுவே
மெலாகு ஆரம்பித்தான்:

"முழுசாய் இருந்தால் கட்டோடு கிடப்பேன்,
காதைக் கிழித்தால் ஊருக்குப் போவேன்."

ஆடு, என்றது பின்னிருக்கை.
சாக்கு, என்றார் வெங்காயக்காரர்,
தன் மூட்டையையே சந்தேகமாய்ப் பார்த்தபடி.
நான் கடிதம் என்றேன்.
கிட்டத்தட்ட, என்றான். அது வேறு எரிச்சல்.

கண்டக்டர் ஹிருத் உதட்டைக் கடித்தாள்.
விடை தெரியாதவர் ஊர் கொடுக்க வேண்டும்,
இங்கே ஆட்டத்தின் சட்டம் அது.
கோண்டார் தந்தாள். வேண்டாம், குளிரும்.
அவாஷ் தந்தாள். ஐயோ, புழுக்கம்.
கடைசியில் ஹராரையே கொடுத்தாள்,
மதில், காபி வாசனை,
ராத்திரி வந்துபோகும் கழுதைப்புலிகள் உட்பட.

ஹராருக்கு ராஜாவான மெலாகு
கால்மேல் கால் போட்டு
விடையைச் சொன்னான்.

எல்லார் கண்ணும்
அவள் கையிலிருந்த பச்சைக் கட்டின் மேல் விழுந்தது.
வெங்காயக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை.
ஒன்றின் காதைக் கிழித்து நீட்டினாள்:

"ராஜாவே, வண்டி உம் ஊருக்குத்தான்.
நாற்பது பிர்.
சில்லறையாய்க் கொடும்."