முதல் திங்கள்

புல்மன் நகரம், சிகாகோ அருகே. 1894 செப்டம்பர்.

சங்கு ஊதவில்லை.
அந்த ஊதாமைதான் என்னை எழுப்பியது.
ஐந்தரைக்கு உடம்பு தானாகவே காலைக் கீழே ஊன்றிவிட்டது.
பிறகுதான் நினைவு வந்தது,
இன்று நமக்குத் திருநாளாம்.
வாஷிங்டனில் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

ஹில்மர் எனக்கு முன்பே எழுந்து
அடுப்படியில் உட்கார்ந்து
பூட்ஸ் ஓட்டைக்கு அட்டை வெட்டிக்கொண்டிருந்தான்.
ஊர்வலம் நகரத்துக்குள்.
பதினான்கு மைல்.
ரயிலுக்குக் காசில்லை. இருந்தாலும்
ஏறுகிறவன் இல்லை அவன்.

மே மாதம் நடந்தது இவ்வளவுதான்:
கூலியைக் குறைத்தார்கள், வாடகையைக் குறைக்கவில்லை.
இரண்டும் ஒரே முதலாளியின் கணக்கு என்பதால்
ஒரே ஜன்னலில் கொடுத்து
அங்கேயே பிடித்துக்கொள்வார்கள்.
தூங்கும் பெட்டியின் சுவரில் பதினைந்து நாள்
வால்நட் மரத்தில் திராட்சைக்கொடி இழைத்தவனுக்கு
உறையில் ஏழு சென்ட்.
எண்ணினான். ஏழு.
கூடிவிடுமோ என்று மறுபடியும் எண்ணினான்.

கருவிகளைக் கீழே வைத்தோம்.
மார்பில் வெள்ளை நாடா குத்திக்கொண்டோம்.
எங்கள் முகமே அறியாத ஊர்களில்
கொடி காட்டுகிறவன், கரி அள்ளுகிறவன்,
'புல்மன் பெட்டியை இழுக்க மாட்டோம்' என்று
கைகட்டி நின்றான்.
இன்றைக்கும் அதைச் சொல்ல வந்தால்
எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

ஜூன் கடைசியில் அந்தக் கையெழுத்து:
உழைப்பவனுக்கு ஆண்டில் ஒரு நாள்.
மை காய்ந்ததோ இல்லையோ,
ஜூலையில் சிப்பாய்கள்.
ஒரே மேசை, ஒரே மைக்கூடு என்பான் ஹில்மர்.
நான் அந்த மேசையைக் கண்டேனா?
நான் கண்டது நிவாரண வரிசை,
முளைவிட்ட உருளைக்கிழங்கு,
தண்ணீராய்த் தெளிந்த சூப்பில்
தன் முகம் பார்த்துச் சிரிக்கும் எங்கள் எப்பா.
அவளுக்கு நாலு வயது.

ஆகஸ்டில் நான் கையெழுத்துப் போட்டேன்.
'சங்கத்தில் இல்லை, இனி சேரவும் மாட்டேன்'
என்று அச்சடித்த தாள்.
உறுப்பினர் அட்டையைப் பிடுங்கிக்கொண்டார் ட்ரஸ்கட்.
நாடா எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை அவருக்கு.

ஹில்மர் போடவில்லை.
அன்றிரவு பேச்சில்லை. மறுநாளும் இல்லை.
என் கூலியில் ரொட்டி வந்தது, தின்றான்.
அதைப் பற்றியும் பேசவில்லை.

ஆக இன்று
எனக்குக் கூலியில்லாத ஒரு நாள்.
அவனுக்கு இது நூற்றுப் பதினாறாவது.
அடுத்த வீட்டு ஆஸ்மஸ் படியில் உட்கார்ந்து
யாரிடமும் இல்லாமல் கத்துகிறார்:
"லீவு யாரய்யா கேட்டது?
நாங்கள் கேட்டது கூலி!"

கிளம்பியவன் வாசலில் நின்று
"நீயும் வா" என்றான்.
மூன்று வாரத்தில் முதல் வார்த்தை.
"கையெழுத்துப் போட்ட கையோடா?"
"அந்தக் கை இல்லாமல் எப்படி வருவாய்?"

தண்டவாள ஓரமாகவே நடந்தோம்,
எப்பா அவன் தோளில்.
கென்சிங்டன் தாண்டும்போது
தூங்கும் பெட்டிகள் எங்களைக் கடந்தன.
வெயில் ஏறியும் திரை விலகவில்லை.

அப்போதுதான் சொன்னேன்,
திரும்பிப் போன அன்று
நான் தைத்த முதல் மெத்தைக்குள்
குதிரைமயிரோடு குதிரைமயிராக
என் நாடாவையும் வைத்துத் தைத்துவிட்டதை.

"எந்தப் பெட்டியில்?"
"யாருக்குத் தெரியும்?
யாரோ தலை வைத்துத் தூங்குகிறார்."

ஹில்மர் நின்றுவிட்டான்.
சிரிக்கிறானா என்று பார்த்தேன்.
போகும் பெட்டிகளை விரல் நீட்டி
எண்ணிக்கொண்டிருந்தான்.
எப்பாவும் சேர்ந்துகொண்டாள்.
அவளுக்கு ஏழுக்கு மேல் எண் தெரியாது.
ஏழு வந்ததும்
மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினாள்.