மூன்று இரவு பாக்கி

டிசம்பர் இருபத்தெட்டு.
இந்த வருஷக் கணக்கில் இருபத்திரண்டு இரவு.
தங்க அட்டை கையில் நிற்க இன்னும் மூன்று வேண்டும்.

சூரிச், லியோன், பர்மிங்ஹாம்
எல்லாம் மடிக்கணினிக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட பிறகு
டுசல்டோர்ஃபில் வீடுள்ள நான்
டிராம் ஏறி, ரைனைத் தாண்டி,
நொய்ஸில் ஓர் அறைக்குப் போகிறேன்,
காலிப் பெட்டியை உருட்டிக்கொண்டு.
பெட்டியில்லாமல் போனால் என்ன நினைப்பார்கள்?

சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம் என்றான் பரிதி
சாக்ஸ் மடித்தபடி.
சுண்டைக்காயின் ருசி அவனுக்கென்ன தெரியும்.

வரவேற்பில் புதுப் பையன்.
"ரொம்பத் தூரமோ?"
"ஆமாம்" என்றேன்.
இருபத்துமூன்று நிமிஷம்.

அறையில் இரண்டு சாக்லேட்.
கையால் எழுதினாற்போல் அச்சடித்த அட்டை:
மீண்டும் வந்தீர்கள், மகிழ்ச்சி, ஃப்ரௌ சிவகடாட்சம்.
ஓரெழுத்தும் பிசகவில்லை.
பதினாறு வருஷத்தில் அலுவலகத்தில்
ஒருவரும் முழுதாய்ச் சொல்லி முடிக்காத பெயர்.
நின்றுகொண்டே இரண்டு முறை படித்தேன்.

பிறகு போர்வையைக் கலைத்து,
தலையணையில் தலையளவு பள்ளம் குத்தி,
ஒரு துவாலையை நனைத்துப் போட்டு
பத்து மணி டிராமில் திரும்பினேன்.

கட்டிலின் குறுக்கே பரிதி.
கொஞ்சம் நகரேன்.
"அறை காலியில்லை" என்றான்
கண்ணைத் திறக்காமல்.

சிரித்தேன். சாக்லேட்டில் ஒன்றை
அவன் பக்கத்து மேசையில் வைத்தேன்.

நொய்ஸில், அணைக்க மறந்த விளக்கடியில்
பெட்டி மட்டும் தங்கியிருக்கிறது.
ஊர் ஊராய் அலைந்ததென்னவோ அதுதான்.