இரண்டு நாற்பதுக்குப் பதினொன்று

கம்பளிச் சட்டைக்கு மேல் வெள்ளைக் கோட்டு,
தலைக்கு வலை, வாய்க்குத் துணி,
மூக்குத்தி சோப்பு டப்பாவில்.
தாலியை மட்டும் உள்ளே தள்ளிப்
பொத்தான் போட்டுக்கொள்ளலாம் என்று
விதியில் ஓர் இளக்கம்.
இப்படித்தான் டயகமவில்
யோகட்டுக்குக் காவல் இருக்கிறேன்,
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை.

மணிக்கொரு தரம் குளிரறை வாசலுக்குப் போய்
சிவப்பு இலக்கத்தைப் படித்து
நீலப் பேனாவால் எழுத வேண்டும்.
நாலு. நாலு. மூன்று தசம் ஒன்பது. நாலு.
ஐந்தைத் தாண்டினால் கூப்பிடு என்று
மூன்று மொழியில் சுவரில் ஒட்டியிருக்கிறது.
தமிழில் மட்டும் 'குளிறறை.'

இங்கே எல்லாவற்றுக்கும் எண்.
எலிப்பொறி ஏழு, வடிகான் மூடி மூன்று,
மின்குமிழ் பன்னிரண்டு,
உடைந்தால் சில்லெண்ணி எழுத ஒரு கொப்பி.
நான் குடியிருக்கும் காம்பிராவுக்கு எண் இல்லை;
கடிதமெல்லாம் தோட்ட ஆபீசில் கிடக்கும்.
அதை இப்போது விடுங்கள்.

பெப்ரவரியில் ஒரு வெள்ளி,
மேல்மலையில் சவுக்கு விழுந்து கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமி அடங்கிற்று.
'டீசல் நாளைக்கு' என்று பிரதாபன் சேர் சொன்னது
போன செவ்வாய்.
பற்றரியில் ஓடும் இலக்கம் மட்டும்
இருட்டில் ஏறிக்கொண்டிருந்தது. ஆறு. எட்டு.
இரண்டு நாற்பதுக்குப் பதினொன்று.

வெளியே மலையும் அதே பதினொன்றில்தான் இருந்திருக்கும்,
என் பல் தந்தியடித்தது.
நமக்குக் குளிர்,
யோகட்டுக்கு அது காய்ச்சல்.

போனில் சேர்:
"நாலுன்னு போட்ரு தவமணி.
விடிய கரண்ட் வந்துரும்."
பழக்கத்தில் கை
நாலென்றே எழுதிவிட்டது.

பார்த்துக்கொண்டு நின்றேன்.
முந்நூற்று நாற்பது கோப்பை.
அதில் பாதி, திங்கட்கிழமை
பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு.
பிழைத்தால் மேலே கிறுக்காதே,
ஒரே ஒரு கோடு போடு,
பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்து வை:
பயிற்சி வகுப்பில் சொன்னதில்
எனக்கு நினைவிருப்பது இது ஒன்றுதான்.
ஒரு கோடு.
11.
த. ம.

காலையில் குழி வெட்டினோம், நானும் சிவனுராசும்.
மூடியைக் கிழித்துக் கிழித்துக் கொட்டினோம்.
ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது,
நாய் கிண்டாமலிருக்க மேலே சுண்ணாம்பு.
சேர் பதினெட்டு நாள் என்னோடு பேசவில்லை.
சொன்னேனே, இங்கே எல்லாவற்றுக்கும் எண்.

ஏப்ரலில் கண்டியிலிருந்து வந்தார் ரிஸ்னா மிஸ்,
முக்காட்டுக்கு மேல் வலை போட்டுக்கொண்டு.
பக்கம் பக்கமாக விரல் ஓடியது.
பதினொன்றில் நின்றது.
குளிரறை வாசலில் சேருக்கு வியர்த்தது.
"இது யாருட கையெழுத்து?"
"என்னோடது மிஸ்."
"அந்தக் கோப்பையெல்லாம் எங்க?"
கழிவுக் கொப்பியைத் திறந்து காட்டினேன்.
தலையாட்டினார்.
பாராட்டுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

பிறகு ஜனவரிக்குப் புரட்டினார்.
முப்பத்தொரு பகலும் நாலு.
ஒரே பேனா, ஒரே சாய்வு,
ஒரே மூச்சில் நட்ட நாலுகள்,
தேயிலை நிரை மாதிரி.
பகல் ஷிப்டில் யாரென்று நான் சொல்லமாட்டேன்.
சிவப்புப் பேனா அங்கேதான் இறங்கியது,
பதினொன்றில் இல்லை,
நாலில்.

சான்றிதழ் மூன்று மாதம் பிந்தி வந்தது.
சட்டம் போட்டிருக்கிறார்கள்.
கண்ணாடி என்பதால் உற்பத்திப் பக்கம் வரக்கூடாதாம்;
ஆபீசில் தொங்குகிறது,
நான் போகாத அறையில்.
டீசல் மட்டும் இப்போது எப்போதும் இருக்கிறது.
கேனுக்கும் ஓர் எண்.

இன்றிரவு மழை.
மூன்று தசம் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே
இலக்கம் தடுமாறுகிறது.
பேனாவைப் பிடித்தபடி நிற்கிறேன்,
எதில் உட்காரப்போகிறதென்று.
எட்டு.
எழுதுகிறேன்.